உடன்பிறந்தவருக்கு ரத்தப் புற்றுநோய்: முதலமைச்சர் காப்பீட்டில் எங்கே சிக்கிக்கொள்கிறோம்

ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது முதல், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை இன்னொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்தும் மாற்று சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும் வரை, அலுவலகம் அலுவலகமாக அலைவது பெரும்பாலும் நோயாளியின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைதான். ஸ்டெம் செல் பொருந்துமா என்று முதலில் பரிசோதிக்கப்படுகிறவர்களும் அவர்களே. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப் பொருந்தி, கொடுக்கவும் மனமுவந்து வந்து நின்றவரிடம், "உங்கள் காப்பீட்டு அட்டையில் இவருக்குச் சிகிச்சை செய்ய முடியாது" என்று கவுண்டரில் சொல்லும்போதுதான் பலருக்கு விதிமுறையே தெரியவருகிறது. தொண்டி முதல் சாயல்குடி வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

திட்டத்தின் பின்னணி சுருக்கமாக: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது, 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று என்றும் சொல்லப்படும் இந்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை உயர் சிகிச்சைப் பட்டியலில் வருவதால், அதற்கான தொகை தனி நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. ஆகவே, கீமோதெரபிக்கே அட்டைத் தொகை முழுவதும் தீர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

முதல் சிக்கல் குடும்பம் என்பதற்கான வரையறையில் இருக்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோரே குடும்பம். உடன்பிறந்தவர் அதில் இல்லை. அக்காவின் அட்டை தம்பிக்கு உதவாது. அரசுப் பணியில் இருக்கும் அண்ணனின் ஊழியர் காப்பீடும் தங்கைக்கு உதவாது. நோயாளியின் பெயர் எந்த ரேஷன் அட்டையில் இருக்கிறதோ அந்த அட்டையின் வழியாகத்தான் எல்லாம் நடக்கும். இதில் அதிகம் அல்லல்படுவது திருமணமான பெண்களே. கல்யாணம் முடிந்ததும் பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கிவிடுகிறார்கள், புகுந்த வீட்டு அட்டையிலோ சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள்; நோய் வந்ததும் அந்தப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்த அட்டையிலும் பெயர் இல்லாத அவளுக்காக அலைவது அவளுடைய அண்ணன் தம்பிகள்தான். நோய் உறுதியான வாரத்திலேயே ரேஷன் அட்டையை எடுத்துப் பார்த்து, பெயர் இல்லையென்றால் பெற்றோரின் அட்டையிலோ கணவரின் அட்டையிலோ சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். மாற்று சிகிச்சைக்குத் தேதி குறித்த பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்தில் போய் நின்றால், அங்கே யாரும் உங்கள் அவசரத்துக்கு வேலை செய்யப்போவதில்லை.

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனின் பெயர் அதே ரேஷன் அட்டையில் இருந்தால், அவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாரோ இல்லையோ, அவருடைய சம்பளத்தையும் குடும்ப வருமானத்தில் அதிகாரிகள் சேர்த்துவிடக்கூடும். தனியாகக் குடித்தனம் நடத்துகிறவரின் பெயரைத் தனி அட்டைக்கு மாற்றும் வேலையை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். விசைப்படகில் பங்குக்குப் போகிறவருக்கு மாதாமாதம் ஒரே வருமானம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்கே போக முடியாது. நல்ல மீன்பாடு கிடைத்த ஒரு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டால் வரம்பைத் தாண்டிவிடும். தடைக்காலத்தை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைச் சொல்லுங்கள்.

மூன்றாவது கைரேகை. மண்டபம் பக்கத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் பெண் ஒருவர் தம்பிக்காக அட்டை பதிய வந்திருந்தார். பாறையில் கிழிபடாமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பாசி எடுப்பார்கள். இருந்தும் அவருடைய விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. கருவியில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தும் பதியவில்லை. "நாளைக்கு வாருங்கள்" என்றார்கள். நாளை வந்தால் ரேகை வளர்ந்துவிடுமா என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. ரேகை பதியாவிட்டால் கருவிழிப் பதிவு உண்டு, ஆதாருடன் இணைத்த கைபேசிக்கு வரும் ஓடிபி உண்டு. இரண்டையும் நீங்களே கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஆதாரில் பழைய எண்ணோ பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோ இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

பட்டினம்காத்தானில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் நோயாளியையே நேரில் கூட்டி வரச் சொல்வார்கள். கீமோதெரபி முடிந்து வெள்ளணுக்கள் குறைந்திருப்பவரைக் கூட்டத்தில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அவர் வர இயலாத நிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, கவுண்டரில் வாதாடாமல், திட்டத்தின் மாவட்ட அலுவலரைக் கேட்டுப் பாருங்கள். அவரும் தட்டிக் கழித்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. அதில் பேசும்போதும் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் பதிலுக்கு அடுத்த கவுண்டரில் மதிப்பில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம் மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறது. ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதும், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு அங்கே அங்கீகாரம் இருக்கிறது என்பதும் வெவ்வேறு. "எங்களிடம் காப்பீடு உண்டு" என்ற பதிலோடு நின்றுவிடாமல், இந்தச் சிகிச்சைக்கு உண்டா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். சிகிச்சைக்குக் காப்பீட்டின் முன் அனுமதி வருவதற்குள் "முன்பணம் கட்டுங்கள், பிறகு கழித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். கையிலிருந்து கட்டிய பணம் திரும்பி வருவது மிக அரிது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்பதானாலும் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுடன் சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; அந்தத் தொகையும் நேரே மருத்துவமனைக்குத்தான் போகும்.

வாடகை, சாப்பாடு, உடன் இருப்பவரின் கூலி இழப்பு ஆகியவற்றைக் காப்பீடு தராது. மாற்று சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய மூன்று மாதம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டியிருக்கும் என்பதால் இந்தச் செலவுக்கு இப்போதே வழி பார்க்க வேண்டும். ரயிலுக்குச் சலுகை இருக்கிறது: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, உடன் செல்பவருக்கு 75 சதவீதம். சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிற பலர் இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை முத்திரையும் மருத்துவர் கையெழுத்தும் வேண்டும். ஊருக்குத் திரும்பும் முன்பே அடுத்த பயணத்துக்கும் சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள்.

திட்டத்துக்கு வெளியே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு ரத்தம் வேண்டும் என்றதும் அண்ணன்தான் முதல் ஆளாகக் கையை நீட்டுவார். ஸ்டெம் செல் கொடுக்க வாய்ப்புள்ள உடன்பிறந்தவரின் ரத்தத்தை மாற்று சிகிச்சைக்கு முன்பு நோயாளிக்கு ஏற்றினால், பின்னால் அவருடைய ஸ்டெம் செல்லையே உடல் ஏற்க மறுக்கக்கூடும். ரத்த வங்கிக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நண்பர்களையும் ஊர்க்காரர்களையும் அனுப்புங்கள்.