ஒரு சாண் பிழை, ஒன்பது மீட்டர் தண்ணீர்

தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல். நடுவே கிடக்கும் மணலில் சில அடி தோண்டினால் ஊறுவதோ குடிக்கிற தண்ணீர். ராமநாதபுரம் கடற்கரையில் இப்படி ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புகிறவர்கள் உண்டு. ஆழமாகத் தோண்டினாலோ விடாமல் இறைத்தாலோ உப்பு ஏறிவிடும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் ஒரு தீவு முழுவதற்கும் எத்தனை போர் போடலாம், நாளுக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டி வரும்போது, நிலத்தடி நீரின் போக்கைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரியின் துணை தேவைப்படுகிறது. அந்த மாதிரியை எதை வைத்து நம்புவது? கணக்குத் தவறினால் உப்புத் தண்ணீரைச் சுமக்கப்போவது ஊற்றடியில் குடத்தோடு நிற்கிற குடும்பம். அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் மணலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை அது இறங்கியிருக்கும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபென் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும், 1901-ல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்ட விதி இது. நிஜத்தில் இரண்டு நீரும் கலக்கும் பட்டை ஒன்று நடுவே இருக்கும் என்றாலும், அடிப்படை இதுதான்.

இந்த 40 என்ற எண்தான் ஆபத்தும்கூட. கிணற்றில் நீர்மட்டம் அளப்பவர் சுற்றுச்சுவரின் விளிம்பிலிருந்து நாடாவை இறக்குகிறார். விளிம்பு கடல்மட்டத்துக்கு எத்தனை உயரத்தில் இருக்கிறதென்று பதிவேட்டில் இருக்கும். அதிலிருந்து கழித்து நீர்மட்டத்தைக் குறிக்கிறார். இடையில் யாரோ சுவரை ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டார்கள், பதிவேடு திருத்தப்படவில்லை என்று வையுங்கள். நீர்மட்டத்தில் சுமார் 23 சென்டிமீட்டர் பிழை. அதை 40-ஆல் பெருக்கினால், இருக்கிற நல்ல தண்ணீரில் 9 மீட்டர் ஆழத்தைக் கணக்கு இல்லையென்று சொல்லும். மறுபக்கம் இன்னும் மோசம்: தரையிலிருந்து அளந்துவிட்டு விளிம்பின் உயரத்தில் கழித்தால், இல்லாத தண்ணீர் இருப்பதாக வரும். எத்தனை விலையுயர்ந்த மென்பொருளாலும் இதைப் பிடிக்க முடியாது. மாதிரியின் தரச்சோதனை கிணற்றடியில் தொடங்குகிறது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மாதிரி நிலத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நீரின் வரவு செலவைப் போடுகிறது. வரவிலிருந்து செலவைக் கழித்தால் இருப்பின் மாற்றம் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் எங்கோ கணக்கில் தொலைந்திருக்கிறது. கட்டங்களைப் பாதியாகச் சிறிதாக்கினாலும் விடை பெரிதாக மாறக் கூடாது. இவை எளிய சோதனைகள், செய்யாமல் விட்டால் மன்னிப்பில்லை.

மென்பொருளையே சோதிக்க, தனுஷ்கோடியைப் புயல் அழித்த அதே 1964-ல் ஹென்றி என்ற அறிஞர் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு கற்பனைப் பெட்டி: ஒரு பக்கம் நல்ல நீர் நுழைகிறது, மறுபக்கம் கடல். விடை கணிதத்தால் தெரிந்தது. மென்பொருளும் அதே விடையைத் தர வேண்டும். நெடுங்காலம் இது உரைகல்லாக இருந்தது. பிறகு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கடல்நீரின் கனம் ஓட்டத்தைப் பாதிக்கும் பகுதியையே அணைத்துவிட்டு ஓட்டினாலும், ஏறக்குறைய அதே விடைதான் வருகிறது! நுழையும் நல்ல நீரைப் பாதியாகக் குறைத்த பிறகே பெட்டி கடுமையான சோதனையானது. உரைகல்லையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் எனக்கு மிகவும் அச்சம் தருவது வேறொன்று. மழையில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மண்ணுக்குள் இறங்குகிறது, மணல் நீரை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கடத்துகிறது என்று ஒருவர் வைக்கிறார். இன்னொருவர் 200 மில்லிமீட்டர் இறங்குகிறது, மணலின் கடத்துதிறனும் இரண்டு மடங்கு என்கிறார். சராசரி நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது இவ்விரண்டின் விகிதம் என்பதால், இரண்டு மாதிரிகளும் கிணறுகளின் சராசரி அளவோடு கச்சிதமாகப் பொருந்தும். படம் ஒன்றுதான். ஆனால் மண்ணுக்குள் சேரும் தண்ணீர் ஒன்றில் மற்றதைப்போல இரண்டு பங்கு! கிணற்று அளவோடு பொருந்துகிறது என்பதை மட்டும் காட்டி ஒரு மாதிரியை நல்லது என்று சொல்லிவிட்டால், இரண்டில் எதைப் பெற்றோம் என்று தெரியாமலே போர் போடுகிறோம். முடிச்சை அவிழ்க்கத் தனிச்சான்று வேண்டும். தெரிந்த அளவில் மணிக்கணக்காக இறைத்து, பக்கத்துக் கிணற்றில் மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் மணலின் கடத்துதிறன் நேரடியாகக் கிடைக்கும்.

இன்னொரு சோதனை, காட்டாத ஆண்டைக் கேட்பது. 2015-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. 2016-ல் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2015 வரையிலான அளவுகளை வைத்து மாதிரியைச் செதுக்கிவிட்டு, 2016-ன் மழையை மட்டும் கொடுத்து நீர்மட்டத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகுதான் கிணற்றுப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். வறட்சிக்காகத்தானே மாதிரியே கட்டுகிறோம்!

இத்தனைக்கும் ஒரு நோட்டு வேண்டும்: எந்த எண் எந்த நாளில் எதற்காக மாற்றப்பட்டது, யார் மாற்றினார், கட்டியவரல்லாத இன்னொருவர் எதைச் சரிபார்த்தார் என்று. முன்கணிப்பும் அதே நோட்டில் இருக்கட்டும்: இந்தக் கிணற்றில், ஐந்தாம் ஆண்டு ஆவணியில், சுவர் விளிம்பின் சிவப்புக் குறியிலிருந்து இத்தனை மீட்டர் கீழே தண்ணீர் நிற்கும், இத்தனை சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம் என்று. அப்படி எழுதியிருந்தால், அந்த ஆவணியில் ஊரில் யாரும் ஒரு நாடாவோடு போய் அளந்து பார்க்கலாம்.