மேடு இழுக்கும் பைக், பள்ளம் இறங்குமா?

மலைநாட்டில் பழைய பைக் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "மேடு இழுக்குமா?" என்பதைத்தான். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு தோட்டத்துப் பாதையில் ஏற்றிப் பார்ப்பார். சத்தம் சரி, புகை இல்லை என்றால் விலை பேசி முடித்துவிடுவார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறிய ஏற்றத்தில், எஞ்சின் நன்றாக இருந்தாலே போதும் என்று நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேடு இழுக்காத பைக் வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். பள்ளம் இறங்க முடியாத பைக்கோ நிற்காது. பராமரிப்புப் பழகத் தொடங்குகிறவர் ஒயில் மாற்றுவதற்கு முன்பே பிரேக்கைப் பழக வேண்டும் என்பது என் கட்சி.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவதற்குள் 1000 மீற்றருக்கு மேல் கீழே வந்துவிடுகிறோம். பைக், ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைப்போம். 1000 மீற்றர் இறக்கத்துக்கு மட்டும் ஏறத்தாழ 24.5 லட்சம் யூல் அழுத்த சக்தி (உயரத்தில் இருப்பதால் உள்ள சக்தி) வெளியேறியாக வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஏழு லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதுமான சக்தி அது. ஒரு பகுதியைக் காற்றும் டயர்களின் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை பிரேக் வாங்க வேண்டும், அல்லது எஞ்சின் வாங்க வேண்டும்.

சின்ன பைக்குகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்தில் இருப்பது ட்ரம் பிரேக். பெடலை மிதித்தால் ஒரு கம்பி பின்னுக்குள்ள பிரேக் கை என்ற நெம்புகோலை இழுக்கும். கை ஒரு கேமைத் திருப்பும். கேம் இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து ட்ரம்மின் உட்சுவரோடு அழுத்தும். எல்லாமே மூடிய அறைக்குள் நடப்பதால் சூடு வெளியேறச் சிரமப்படும். சூடேறிய ட்ரம் விரிவடைந்து ஷூவை விட்டு விலகும், பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கும். ஷூவின் மேல் ஒட்டியுள்ள லைனரின் உராய்வும் குறையத் தொடங்கும். முதல் முடக்கில் பிடித்த பிரேக் பத்தாவது முடக்கில் பிடிக்காமல் போவது இதனால்தான்.

லைனர் எவ்வளவு மிச்சம் என்று அறியச் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. குந்தி உட்கார்ந்து பின் ட்ரம்மைப் பாருங்கள். பல பைக்குகளில் பிரேக் கையின் அடியில் ஓர் அம்புக்குறியும் ட்ரம் மூடியில் ஒரு கோடும் இருக்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. இன்னொரு தடயம் கம்பியின் முனையிலுள்ள நட். அது மரையின் கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தால், முன்னைய உரிமையாளர் லைனரைத் தேய்த்துத் தீர்த்துவிட்டார் என்று அர்த்தம். விற்கும் முன் பிரேக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், தேய்ந்த ஷூவும் ஓரிரு வாரத்துக்கு நன்றாகப் பிடிக்கும். அதனால் கைக்கும் கம்பிக்கும் இடையிலான கோணத்தையும் கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போது அது செங்கோணத்தைத் தாண்டினால், நாம் மிதிக்கும் விசையில் ஒரு பகுதி வீணாகிறது. லைனர் மிகவும் மெலிந்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சக்கரமே இறுகிவிடக்கூடும். ட்ரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனரில் மூச்சுக்குக் கேடான கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

செயினை இறுக்கும்போது பலர் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. கீழ்ச்செயினின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் தளர்வு பல சின்ன பைக்குகளுக்குச் சரியான அளவு. செயின் ஒரே சீராகத் தேயாது என்பதால் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். இறுக்குவதற்காகச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தும்போது பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபடும். ட்ரம் பிரேக்கில் அதுவரை இருந்த விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் வெறுமனே இறங்கும் இடைவெளி) குறைந்து, பெடலைத் தொடாமலே ஷூ உரசத் தொடங்கும். எனவே செயின் வேலை முடிந்ததும் டபிள் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். 'சர் சர்' என்று உரசினால் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

செயின் தளர்ந்திருந்தால் எஞ்சினை பிரேக்காகப் பயன்படுத்துவதும் சிரமம். ஏறும்போது செயினின் மேல்பக்கம் இறுகும், த்ரொட்டிலை மூடி இறங்கும்போது கீழ்ப்பக்கம் இறுகும். தளர்ந்த செயின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெட்டு வெட்டும். த்ரொட்டில் மூடியிருக்கையில் பிஸ்டன் அடைத்த வழியாகக் காற்றை உறிஞ்சப் போராடுகிறது. அந்தப் போராட்டமும் உள் உராய்வும்தான் பைக்கைப் பிடித்து நிறுத்துகின்றன. கியர் குறையக் குறைய எஞ்சின் வேகமாகச் சுழலும், பிடியும் கூடும். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்று நம் பக்கத்து லொறி சாரதிகள் சொல்வது அப்படியே சரி.

பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இந்தப் பிடி முழுவதையும் இழக்கிறார்கள். அதுவும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் மிச்சமே கிடையாது. கியரில் த்ரொட்டிலை மூடி இறங்கும்போது பெற்றோல் போவதையே அது நிறுத்திவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோல் தேவை.

முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தால் பிரச்சினை வேறு வடிவில் வரும். லீவரின் அமுக்கத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும், நாம் பிரேக் ஒயில் என்று சொல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டொட் (DOT) 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4இல் அவை 230, 155. நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் திரவம் கொதித்துக் குமிழி உண்டானால், லீவர் பிடி வரை வந்துவிடும், ஏனென்றால் நாம் அமுக்குவது திரவத்தை அல்ல, வாயுவை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிரேக் ஒயில் தொட்டியின் மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். திறந்து பல மாதமான போத்தலில் உள்ளதை ஊற்ற வேண்டாம்.

ஆறியதும் குமிழிகள் மறைந்து லீவர் பழையபடி இறுகிவிடும். கராஜில் நிறுத்திக் காட்டும்போது பைக் ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். ஆகவே மெக்கானிக் பாஸிடம் போகும்போது எந்தப் பாதையில், எவ்வளவு தூரம் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கியபோது லீவர் தளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.