பெட்டியைப் பிரித்தவுடன் சாவியைத் தேடாதீர்கள்

இறக்குமதி செய்யப்படும் மோட்டார் ட்ரைக், அதாவது முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று சக்கரம் கொண்ட மோட்டார் சைக்கிள், பெரும்பாலும் இரும்புச் சட்டம் அடித்த பெட்டிக்குள்தான் வந்து இறங்குகிறது. கப்பலில் இடத்தைக் குறைப்பதற்காக முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடிகள், பின் மட்கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கியிருப்பார்கள். சில மாடல்களில் பின்சக்கரங்களும் தனியாக இருக்கும். தொழிற்சாலையின் தர ஆய்வாளர் கையெழுத்துப் போட்டது அங்கே பூட்டிய பாகங்களுக்கு மட்டும்தான். பெட்டியிலிருந்து எடுத்து நாம் பூட்டப்போகும் இணைப்புகளை இதுவரை எவரும் சோதித்ததில்லை. ஸ்டியரிங்கும் முன்பிரேக்கும் முன்னச்சும் அந்த வகையில்தான் வருகின்றன. இந்த வண்டிகளைப் பூட்டிச் சோதித்து உரியவரிடம் ஒப்படைப்பதே என் தொழில். பழுதாகி வரும் புது ட்ரைக்குகளில் நான் பார்க்கும் கோளாறு பெரும்பாலும் என்ஜினில் இருப்பதில்லை. முதல் நாள் அவசரத்தில் பூட்டிய ஏதோ ஒரு இணைப்பில்தான் இருக்கிறது.

வேலை கையெழுத்துக்கு முன்பே தொடங்குகிறது. பெட்டியின் நான்கு பக்கங்களையும் அடிப்பாகத்தையும் பாருங்கள். ஃபோர்க்லிஃப்டின் முள் குத்திய ஓட்டையோ, ஒரு மூலை நசுங்கியதோ, நீர் ஏறிய கறையோ தெரிந்தால் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு சொன்னால் சரக்கு நிறுவனத்திடம் உங்கள் வாதம் எடுபடுவது கடினம். பிரித்ததும் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பதிவு நின்றுபோகும்.

புது வண்டியைக் கண்டதும் கை சாவிக்குத்தான் போகும். அதைத் தடுத்தாக வேண்டும். கப்பல் பயணத்துக்காக என்ஜின் ஆயிலை முழுவதுமாக வடித்தோ, பெயருக்குக் கொஞ்சம் விட்டுவைத்தோ அனுப்புவது உண்டு. ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால், புது என்ஜினின் பேரிங்குகளை முதல் நிமிடத்திலேயே தேய்த்துவிடலாம். பின்னச்சில் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இருந்தால் அதற்குத் தனி ஆயில் உண்டு. அந்த மூடியைத் திறந்து பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சைலன்சர் வாயிலும் காற்று வடிகட்டியின் வாயிலும் ஈரம் புகாமலிருக்க அடைத்த பிளாஸ்டிக் அடைப்பான்களை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் ஊற்றும் முன் டாங்கினுள் டார்ச் அடித்துத் துரு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை.

பாட்டரி ஆசிட் இல்லாமல் வந்திருந்தால், அளவு பார்த்து நிரப்பி மெதுவாக முழு சார்ஜ் ஏற்றிய பிறகே வண்டியில் வைக்க வேண்டும். முழு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் லெட் ஆசிட் பாட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இணைக்கும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

இப்போது போல்ட்டுகள். என்னிடம் வரும் இளைஞர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். "கை அழுத்தம் எனக்குத் தெரியும் அண்ணா" என்பார்கள். தெரியாது. 8.8 என்று தலையில் பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும்; அதே தரத்தில் 10 மில்லிமீட்டர் போல்ட் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்கும். இரண்டையும் ஒரே நீள ஸ்பேனரால், ஒரே வேகத்தில் இழுக்கும் கைக்கு இந்த வித்தியாசம் புலப்படாது. சிறியது இழுபட்டுப் பலவீனமாகும், பெரியது தளர்ந்தே இருக்கும். அலுமினியத்துக்குள் இறங்கும் போல்ட்டுகளுக்கு அளவு இன்னும் குறைவு. எனவே கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் மட்டுமே பூட்டுங்கள். தொழிற்சாலையில் பூட்டி வந்தவற்றையும், முக்கியமான இடங்களிலாவது, ஒருமுறை சோதியுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் புதியதைப் போடுங்கள். அச்சு நட்டில், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை இரண்டாம் முறை வளைத்து மாட்டவே கூடாது. அது அடுத்த வளைவிலேயே முறியக் காத்திருக்கிறது.

முன்பகுதியைப் பூட்டியதும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்நுனிகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்று ஓர் அதிர்வு கைக்கு வந்தால் ஸ்டியரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திருப்புங்கள். நடுவில் எங்கேயாவது தயங்கினால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள் என்று பொருள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில், அதே திருப்பத்தை மீண்டும் செய்து காதைக் கொடுங்கள். ஹேண்டில் இடது கோடிக்குப் போகும்போது என்ஜின் சத்தம் தானாக உயர்ந்தால், ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கேயோ தவறான வழியில் சென்று இழுபடுகிறது. சாலையில் திரும்பும்போது வண்டி தானே வேகமெடுக்கும் என்பதுதான் இதன் அர்த்தம். ஆக்சிலரேட்டர், எந்தக் கோணத்தில் விட்டாலும், சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். பிரேக் ஹோஸும் அப்படியே. முழுத் திருப்பத்திலும் அது தொய்வாக இருக்க வேண்டும், எதிலும் உரசக் கூடாது.

பிரேக்கைப் பற்றி ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே பூட்டிய ட்ரைக் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, ஃபோர்க் வளைந்து வந்திருக்கிறது என்பது அவருடைய முடிவு. புது ஃபோர்க் வரவழைக்கவும் தயாராக இருந்தார். ஃபோர்க்கில் ஒரு குறையும் இல்லை. இடது பின்சக்கரத்தைக் கழற்றினேன். துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய பாதுகாப்பு எண்ணெய் டிஸ்கின் உட்புறத்தில் அப்படியே இருந்தது. டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அதை உறிஞ்சிப் பளபளத்தது. இடது பக்கம் பிடிக்காததால் வலது பக்கம் மட்டும் வேலை செய்து வண்டியை இழுத்திருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் இந்தக் கோளாறு பிரேக்கின் பலத்தைக் குறைக்கும். ட்ரைக்கில் அது திசையையே மாற்றிவிடும். டிஸ்கின் இரு புறங்களையும் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே, பேட்டுகளைத் தாங்கும் காலிப்பரை மாட்டுங்கள். எண்ணெய் குடித்த பேட்டை மணல்தாளால் தேய்த்துக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். ட்ரைக்கை ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்த முடியாது என்பதால், பார்க்கிங் பிரேக்கைச் சரிவில் வைத்துச் சோதியுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வண்டி புதியது என்பதால் டயரும் புதியதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டுகிறதா, காற்றழுத்தம் கையேட்டின்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டிலை நேராக வைத்து, முன்னச்சின் மையத்திலிருந்து பின்னச்சின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு தூரங்களும் ஒத்துப்போகாவிட்டால் பின்னச்சு கோணலாக அமர்ந்திருக்கலாம். அது டயரைத் தின்றுகொண்டே இருக்கும்.

விளக்குகளில் ஒன்று மட்டும் சொல்கிறேன். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகத் தயாரித்த சில முகப்பு விளக்குகளில் டிப் ஒளி (தாழ்ந்த ஒளி) வலப்பக்கம் உயர்ந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் அந்த ஒளி நேராக எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஒரு சுவர் முன் நிறுத்தி டிப் போட்டால் ஒளியும் இருளும் பிரியும் வெட்டுக்கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். விளக்கைத் தாழ்த்துவது தீர்வாகாது. பொருத்தமான விளக்கையே மாற்ற வேண்டும்.

சோதனை ஓட்டத்தை ஆளில்லாத சமதளத்தில் தொடங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள்தான் இங்கே அதிகக் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண ட்ரைக் வளைவில் சாயாது. எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு நகரும். வேகம் மிகுந்தால் உட்பக்கச் சக்கரம் எழும்பும். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் வளைவுக்குள் பிரேக் அடிப்பது கவிழும் போக்கைக் கூட்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவி வண்டிகள் கவிழ்ந்து நேர்ந்த உயிரிழப்புகளால் 1988-இல் அவற்றின் புதிய விற்பனையே நிறுத்தப்பட்டது. அவை கரடுமுரடான நிலத்துக்கான இலகுரக வண்டிகள்தான். ஆனால் எடை நகரும் விதி எல்லா மூன்று சக்கரங்களுக்கும் ஒன்றே. இன்னொன்று: வண்டி நிற்கும் முன் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றாதீர்கள். பின்னால் வரும் சக்கரம் உங்கள் பாதத்தின் மேல் ஏறும்.

பூட்டி முடித்த ஒவ்வொரு முக்கிய நட்டின் மீதும், அதை ஒட்டிய உலோகத்தின் மீதும் சேர்த்து ஒரே பெயின்ட் கோட்டை இழுத்துவிடுவது என் வழக்கம். முதல் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். வீல் நட்டுகளுக்கு மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்ப்பேன். மற்ற இடங்களில் கோடு நேராக இருந்தால் போதும். எங்கேயாவது கோடு உடைந்து விலகியிருந்தால் அதை வெறுமனே இறுக்கி அனுப்புவதில்லை. வாஷர் விட்டுப்போனதா, இழை கெட்டதா, இரண்டு பரப்புகளுக்கு இடையே பெயின்ட் தடித்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துக் காரணம் தெரிந்த பிறகே வண்டி வெளியே போகும்.