சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே கூட்டி வாருங்கள்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு அம்மா காய்கறிக் கூடையில் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி எடுத்து வந்தார். 12 வயது, மூன்று நிறப் பூனை. வயிற்றில் சீப்பு தட்டி நின்றிருக்கிறது. கையை வைத்துப் பார்த்தால் கட்டி.

"நாலு மாசம் முன்னாடியே பார்த்தேன் டாக்டர். அப்போ சுண்டைக்காய் மாதிரிதான் இருந்துச்சு. கொழுப்புக் கட்டின்னு விட்டுட்டேன்."

இப்போது அது நெல்லிக்காய் அளவு. அளந்தேன், 2.5 செ.மீ. கடைசிப் பால்காம்புக்குப் பக்கத்தில், தோலோடு ஒட்டிக்கொண்டு கல் மாதிரி இருந்தது. நான் அளந்து முடிப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "கேன்சரா? இன்னும் எத்தனை நாள் இருப்பா?"

இருக்கலாம் என்றேன். கையால் தொட்டுப் பார்த்து அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பூனைக்கு மடியில் வரும் கட்டியை "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று மட்டும் விடக்கூடாது. நாய்களில் இந்த மாதிரிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டிதான். பூனைகளில் 10க்கு 8, 9 புற்றாக இருக்கும். அதிலும் அளவு ரொம்ப முக்கியம். 2 செ.மீ.க்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பல பூனைகள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. 3 செ.மீ. தாண்டிவிட்டால் பெரும்பாலும் மாதக் கணக்குதான். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு வலிக்கிறது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. பூனை மேல் அவருக்குப் பாசம் குறைவு இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான்.

"கத்தி வச்சா பரவிடும்னு சொல்றாங்களே?" இது அடுத்த கேள்வி. வாரத்தில் இரண்டு பேராவது கேட்கிறார்கள். இந்தப் பயத்தில் தள்ளிப்போடும் நாட்களில்தான் கட்டி நுரையீரலுக்குப் போகிறது. மெல்லிய ஊசியால் நாலைந்து துளி செல்லை எடுத்துப் பார்ப்பது சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். அது என்ன வகைக் கட்டி என்று ஓரளவு சொல்லும். முழு விடை, கட்டியை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்போம். அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டிவிட்டு, எடுத்த கட்டியைச் செலவு மிச்சம் என்று குப்பையில் போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பணம் கஷ்டம் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே கட்டணம் குறைவு.

வயதான பூனை மெலிந்தாலே கேன்சர் என்று அழவும் வேண்டாம். 14 வயதுக் கடுவன் ஒன்றைக் குடும்பமே கண்ணீரோடு கொண்டுவந்தது. வேளைக்கு இரண்டு தட்டு தின்றும் எலும்பும் தோலுமாக இருந்தது. ரத்தத்தில் பார்த்தால் தைராய்டு அதிகம். இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறது, எடை ஏறிவிட்டது. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, பல் நோய் எல்லாமே பூனையை மெலிய வைக்கும். நேர்மாறாகவும் நடக்கும். எச்சில் வடிகிறது, வாய் நாறுகிறது, "வயசாயிடுச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் புண்ணோடு கட்டி இருக்கும். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். வெயில் பட்டுப் பட்டே அங்கே புற்று வரும்.

சரி, முடிவு வரும்வரை வீட்டில் என்ன செய்வது? அந்த அம்மாவுக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

முதல் வேலை, சாப்பிட வைப்பது. பூனை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கும், குண்டுப் பூனைக்கு இன்னும் ஆபத்து. கேன்சரே இல்லாத பூனையைக்கூட அது கொன்றுவிடும். நெத்திலியோ மத்தியோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். சூட்டில் வாசனை தூக்கும், அந்த வாசனைக்குத்தான் பூனை வரும். மீன் குழம்புச் சோறு வேண்டாம், குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். மருந்தைச் சாப்பாட்டில் ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சாப்பாட்டையே அப்புறம் தொடாது.

வாரம் ஒருமுறை, பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும். வித்தியாசத்தை எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் 6 கிலோ குறைவதற்குச் சமம்.

வலியைப் பூனை கத்திச் சொல்லாது. பீரோ மேல் ஏறுவதை நிறுத்தும். உடம்பை நக்காமல் விட்டு முடி திரித்திரியாக நிற்கும். கண்ணைச் சுருக்கி, காதைப் பக்கவாட்டில் மடக்கி, தலையைத் தாழ்த்திக் குந்தியிருக்கும். வலியிலும் குறுகுறுவென்று சத்தம் போடும், அதனால் அதை வைத்துச் சந்தோஷமாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இப்படி இருந்தால் எங்களிடம் கேளுங்கள், பூனைக்கென்று வலி மருந்து இருக்கிறது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாகக் கிடையாது. ஒரே மாத்திரையில் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறி இறந்த பூனையை நான் மேஜையில் பார்த்திருக்கிறேன். பாவம், காய்ச்சல் என்று நினைத்து அன்போடுதான் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் தினசரி காலண்டர். கிழிக்கும் தாளில் ஒரு டிக் அல்லது ஒரு கோடு. நன்றாகச் சாப்பிட்டு, தன் இடத்தில் போய்ப் படுத்த நாளுக்கு டிக். தாளைத் தூக்கிப் போடாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். கேன்சர் என்றே முடிவு வந்து, கோடுகள் அதிகமாகும் ஒரு காலம் வந்தால், வலியில்லாமல் அனுப்பி வைப்பதைப் பற்றிப் பேச அந்தத் தாள்கள்தான் நம் இருவருக்கும் உதவும். பெரிய சிகிச்சை வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று முடிவெடுப்பவர்களும் தங்கள் பூனைக்கு நல்லதுதான் செய்கிறார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா தயங்கிச் சொன்னார். சின்ன வயதில் குட்டி போடாமல் இருக்க இரண்டு மூன்று முறை ஊசி போட்டார்களாம். அந்த ஹார்மோன் ஊசி மடிப் புற்றுக்கான வாய்ப்பைக் கூட்டும். 6 மாதத்துக்குள் சினைப்பையையும் கருப்பையையும் எடுக்கும் ஆபரேஷன் செய்திருந்தால் அந்த வாய்ப்பு 90 சதவீதம் வரை குறைந்திருக்கும். அவர் வீட்டில் ஐந்து மாதப் பெண்குட்டி ஒன்று இருக்கிறதாம். அடுத்த வாரமே அதைக் கூட்டி வரச் சொல்லிவிட்டேன்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை அந்தப் பக்க மடி வரிசை முழுவதையும் எடுத்தேன். திசுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. இன்று காலை அந்த அம்மா காலண்டர் தாள் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். டிக் போட்டு, பக்கத்தில் பேனாவால்: "நெத்திலி 6."