பேண்டின் பெயர் யார் பெயரில் இருக்கிறது?

என்னிடம் வருகிற இசைக் குழுக்களில் பெரும்பாலானவை சண்டை முற்றிய பிறகுதான் வருகின்றன. அதுவரை "நாங்க எல்லாம் ஃபிரண்ட்ஸ்தானே சார், எதுக்கு அக்ரிமெண்ட்?" என்கிற பேச்சுதான். காப்பிரைட், டிரேட்மார்க் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு இது பழகிப்போன வசனம். அந்த நேரத்தில் சட்டப் பிரிவுகளை எடுத்து நீட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு கதை சொல்வேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் இருந்த ‘தி கிங்ஸ்மென்’ என்ற குழுவின் கதை.

முதலில் அந்தப் பகுதியைப் பற்றி. சியாட்டில், டகோமா, போர்ட்லாண்ட் ஆகிய ஊர்கள் அறுபதுகளின் தொடக்கத்தில் இசைத் தொழிலுக்கு எட்டாத தொலைவில் கிடந்தன. பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும். பெரிய பாடகர்கள் அவ்வளவு தூரம் எப்போதாவதுதான் வருவார்கள். வார இறுதியில் நடன அரங்குகளை நிரப்பியது உள்ளூர்ப் பள்ளி, கல்லூரிப் பையன்கள்தான். வீட்டுக் கார் ஷெட்டில் பழகிய வெள்ளைக்காரப் பையன்கள், கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களை சாக்ஸபோனும் ஆர்கனும் வைத்து, நயம் பார்க்காமல், முழு வேகத்தில் வாசித்தார்கள். சியாட்டிலில் டேவ் லூயிஸ் போன்ற கறுப்பின இசைக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். பின்னாளில் ‘கராஜ் ராக்’ என்று பெயர் பெற்றதற்கு இந்த வட்டாரம் ஒரு முக்கியமான ஊற்று.

அந்த வட்டாரத்தில் எந்தக் குழுவாக இருந்தாலும் வாசித்தே ஆகவேண்டிய ஒரு பாட்டு இருந்தது: ‘லூயி லூயி’. எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர். ரெனே டூஸே என்ற கியூப இசைக்காரரின் சா சா மெட்டிலிருந்து அதன் தாளக்கட்டு பிறந்தது. பெர்ரி 1957இல் அதை ஃபிளிப் என்ற சிறிய கம்பெனிக்காகப் பாடி வெளியிட்டார். அதே காலத்தில் கல்யாணச் செலவு வந்தது. இந்தப் பாட்டையும் வேறு நான்கு பாட்டுகளையும் சேர்த்து, தன் உரிமையை 750 டாலருக்குக் கம்பெனி முதலாளிக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். அன்றைக்கு அது மோசமான பேரமாக யாருக்கும் தோன்றியிருக்காது. ஓடி முடிந்த பாட்டுக்கு வந்தது லாபம் என்றுதான் இருந்திருக்கும்.

1961இல் டகோமாவின் ‘தி வெய்லர்ஸ்’ குழுவும் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற பாடகரும் சேர்ந்து அதைத் தங்கள் பாணியில் பதிவு செய்தார்கள். வெளியிட்டது ‘எடிகெட்’ என்ற கம்பெனி. அது அவர்களே தொடங்கியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்த இசைத்தட்டைக் கேட்டுத்தான் கிங்ஸ்மென் பாட்டைப் பிடித்தார்கள். ஜாக் ஈலி பாட்டும் கிதாரும், லின் ஈஸ்டன் டிரம்ஸ், மைக் மிட்செல் முதன்மைக் கிதார், பாப் நார்ட்பி பேஸ், டான் கலூச்சி கீபோர்டு. யாருக்கும் இருபது வயதைச் சுற்றித்தான், கலூச்சிக்கு அதைவிடவும் குறைவு. 1963 ஏப்ரலில் போர்ட்லாண்டின் நார்த்வெஸ்டர்ன் ஸ்டுடியோவில் பதிவு. மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது. ஈலி அண்ணாந்து, கத்திப் பாட வேண்டியிருந்தது. பல்லில் கிளிப் வேறு. அதனால் சொற்கள் குழறிக்கொண்டு வந்தன. கிதார் சோலோ முடிந்ததும் ஈலி ஒரு சுற்று முன்னதாகவே பாட ஆரம்பித்து, தவறு தெரிந்து சட்டென்று நிறுத்துகிறார். ஈஸ்டன் டிரம்ஸை உருட்டி அந்த இடைவெளியை மூடுகிறார். இப்போதும் தட்டைப் போட்டால் அது அப்படியே கேட்கும். இன்னொரு முறை எடுக்கவில்லை. செலவு 36 டாலர் என்பார்கள் சிலர், 50 என்பார்கள் சிலர். பில்லை யாரும் பத்திரப்படுத்தவில்லை போலிருக்கிறது. (என் கட்சிக்காரர்களும் ஸ்டுடியோ பில்லை வைத்திருப்பதில்லை.)

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். 1963 ஆகஸ்டில் ஈஸ்டன் ஒரு முடிவை அறிவித்தார்: இனி முன்னால் நின்று பாடப்போவது நான், ஈலி டிரம்ஸுக்குப் போகட்டும். ஈலி ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் காகிதம் வெளியே வந்தது. குழுவின் பெயரை ஈஸ்டனும் அவருடைய அம்மாவும் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். கிங்ஸ்மென் என்ற பெயர் ஈஸ்டனுடையது. பிடிக்காதவர் போகலாம். ஈலியும் நார்ட்பியும் போனார்கள்.

போன சில வாரங்களில் கதை தலைகீழானது. பாஸ்டனில் ஆர்னி கின்ஸ்பர்க் என்ற வானொலி அறிவிப்பாளர் இந்தத் தட்டை "வாரத்தின் மிக மோசமான பாட்டு" என்று கேலியாகப் போட்டார். ஊர் முழுக்கக் கடைகளில் அதையே கேட்க ஆரம்பித்தது. நியூயார்க்கின் ‘வாண்ட்’ கம்பெனி அதை நாடு முழுவதும் விநியோகித்தது. ஃபுளோரன்ஸ் கிரீன்பர்க் நடத்திய ‘ஸெப்டர்’ கம்பெனியின் கிளை அது. ஷிரெல்ஸ், டியான் வார்விக், ஐஸ்லி பிரதர்ஸ் என்று, ‘சோல்’ எனப்படும் கறுப்பின இசையைப் பாடுகிறவர்கள் நிறைந்த வீடு. தட்டில் அந்தக் கம்பெனியின் பெயரைப் பார்த்தும், பாட்டைக் கேட்டும், கிங்ஸ்மென் கறுப்பினக் குழு என்றே பலர் நினைத்தார்கள். டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்.

குழு ஊர் ஊராகப் போனது. தொலைக்காட்சியில் ஈலியின் குரல் ஒலிக்க, ஈஸ்டன் வாயசைத்தார். குரலுக்கு உரியவர் தனக்கென்று ஒரு கிங்ஸ்மென் குழுவைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். கடைசியில் வழக்கறிஞர்கள் வழியாகச் சமரசம். ஈலியின் குரலுக்கு ஈஸ்டன் வாயசைக்கக் கூடாது, ஈலி கிங்ஸ்மென் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, தட்டில் "முதன்மைக் குரல் ஜாக் ஈலி" என்று அச்சிட வேண்டும். உலகம் முழுவதும் கேட்ட ஒரு குரலுக்குச் சொந்தக்காரர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது அந்த ஒரு வரியை.

ஈஸ்டனை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் அந்தக் குடும்பத்துக்குத்தான் தோன்றியிருக்கிறது. அதுவே தவறில்லை. அந்தப் பதிவில் மற்றவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரியவும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அந்தப் பதிவின் இடத்தில் இன்று ஓர் ஈமெயில் முகவரி இருக்கிறது. பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு, யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராம் ஐடி, மூன்றும் யாரோ ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த டிரம்மர். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும். எல்லாம் நல்லபடியாகப் போகும்வரை யாரும் கவனிப்பதில்லை. பிரிகிற நாளில் பாஸ்வேர்டு மாறிவிடும். கோர்ட்டுக்குப் போனால் "நான்தானே தொடங்கினேன்" என்று அவர் சொல்வார். அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

பெயரைப் பொறுத்தவரை நம் நாட்டில் வழி எளிது. பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் டிரேட்மார்க் விண்ணப்பம் போடலாம். தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். கூட்டாகவும் போடலாம், குழுவை ஒரு பார்ட்னர்ஷிப்பாகப் பதிந்து அதன் பெயரிலும் போடலாம். கூடவே ஒரு பக்க ஒப்பந்தம்: ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும், விலகியவர் "முன்னாள் உறுப்பினர்" என்று போட்டுக்கொள்ளலாமா, பழைய பாட்டின் வருமானத்தில் அவருக்கு என்ன பங்கு. ஒருவர் ரகசியமாகப் பதிந்துவிட்டாலும் எல்லாம் போய்விடாது. முன்பிருந்தே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்தவரை டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் "முன்பிருந்தே" என்பதை போஸ்டர், அழைப்பிதழ், பணம் வந்த ரசீது வைத்து நிரூபிக்க வேண்டும். போஸ்டரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இடையில் அந்தக் குழறலால் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சொற்கள் புரியாததால் ஏதோ ஆபாசம் இருக்கிறது என்று கல்லூரி விடுதிகளில் ஆளாளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். இண்டியானா மாநில ஆளுநரே பாட்டை எதிர்த்தார். ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் போட, எஃப்பிஐ விசாரித்தது. தட்டைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று முடித்தார்கள். பாட்டின் உண்மையான வரிகளில், ஊர் திரும்புகிற ஒரு மாலுமி தன் காதலியைப் பற்றிப் பேசுகிறான். அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். ஒரு பாட்டு என்று நாம் சொல்வது சட்டத்துக்கு ஒரு பொருள் அல்ல. எழுதிய பாட்டு தனி, பதிவு செய்த ஒலி தனி, குழுவின் பெயர் தனி. அமெரிக்க வானொலி, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் தருகிறது. பதிவில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இன்றுவரை தருவதில்லை. ஆக, நாடு முழுக்க வானொலியில் எத்தனை முறை ஓடினாலும் அந்த வகையில் ஈலிக்கோ மிட்செலுக்கோ எதுவும் வராது. தட்டு விற்பனையிலும், படம், விளம்பரம் போன்றவற்றுக்குப் பதிவை உரிமம் கொடுப்பதிலும்தான் அவர்களுக்கு வருமானம் வந்திருக்க வேண்டும்.

அதற்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. 1968இல் கிங்ஸ்மென் தங்கள் பதிவின் உரிமையை ஸெப்டருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பதிலுக்கு லாபத்திலும் உரிமக் கட்டணத்திலும் 9 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் ஒரு பைசா வரவில்லை. எழுபதுகளில் ஸெப்டர் மூடப்பட்டது. மாஸ்டர் டேப்புகள், அதாவது மூலப் பதிவுகள், கை மாறின. வாங்கியவர்கள் அந்தப் பதிவை உரிமம் கொடுத்துச் சம்பாதித்தார்கள், 9 சதவீதத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

1993இல் குழுவினர் வழக்குப் போட்டார்கள். வராத பாக்கியைக் கேட்காமல், ஒப்பந்தத்தையே ரத்து செய்து பதிவைத் திருப்பித் தரச் சொன்னார்கள். எதிர்த்தரப்பின் வாதம் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான்: இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்தால் எப்படி, காலக்கெடு என்றோ முடிந்துவிட்டதே. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொரு முறை பணம் தராமல் விட்டதும் ஒரு புதிய மீறல், கடைசி மீறலிலிருந்து கெடுவை எண்ணினால் வழக்கு நேரத்துக்குள்தான் இருக்கிறது என்றது. ஒப்பந்தம் ரத்து, பதிவு குழுவுக்கு, வழக்குப் போட்ட நாளிலிருந்து வந்த வருமானமும் குழுவுக்கு. 1998இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே தலையிட மறுத்தது. தட்டு வெளிவந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழக்கில் வென்றார்கள் என்பதைவிட எனக்கு உறைப்பது நடுவில் போன காலம். 1963க்கும் 1993க்கும் இடையில் அந்தப் பாட்டு சம்பாதித்ததில் அவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் எதுவும் கிடைக்கவில்லை. 9 சதவீதம் என்று எழுதினார்களே தவிர, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வர வேண்டும், வராவிட்டால் உரிமை திரும்பிவிடும், கம்பெனியை வாங்குகிறவரும் கட்டுப்படுவார், கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு என்கிற வரிகளும் முதல் நாளே காகிதத்தில் இருந்து, அவற்றைக் கேட்டு நிற்க ஓர் ஆளும் இருந்திருந்தால் முப்பது வருடம் போயிருக்காது. சதவீதத்துக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த வரிகளைப் படிப்பதே இல்லை.

நம் காப்பிரைட் சட்டம், குறிப்பாக 2012 திருத்தத்துக்குப் பிறகு, கலைஞர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. உரிமையை எழுதிக்கொடுத்தால் ராயல்டி எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும், படத்திலோ பதிவிலோ சேர்ந்த தங்கள் படைப்புக்கான ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. பெர்ரியின் 750 டாலர் ஒப்பந்தம் இங்கே இன்று அப்படியே நிற்காது. பாடியவர், வாசித்தவர் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை 38பி பிரிவில் இருக்கிறது. ஈலி போராடி வாங்கிய வரி அது. காலக்கெடுவைப் பொறுத்து, ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்க மூன்று ஆண்டு. அடுத்தடுத்து மீறல் நடந்தால் எந்த மீறலுக்காக வழக்கோ அதிலிருந்து எண்ண வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 55ஆம் இனம் சொல்கிறது. இதை நம்பிக்கொண்டு தூங்க வேண்டாம். பழைய மூன்று வருடத்துக்கு முந்தைய பாக்கி கையை விட்டுப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

பெர்ரிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். எண்பதுகளில் அவர் அரசு உதவிப் பணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸில் அம்மா வீட்டில் இருந்தார். ‘கலிஃபோர்னியா கூலர்’ என்ற பானத்தின் விளம்பரத்துக்குப் பாட்டு தேவைப்பட, அவருடைய கையெழுத்தைத் தேடி வந்தார்கள். அந்த வழியில்தான் உரிமையை மீட்கும் முயற்சி தொடங்கியது. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்து, பாட்டின் பெரும்பகுதி அவரிடம் திரும்பியது. 1997இல் இறந்தபோது அவர் வசதியானவர். விளம்பரக் கம்பெனி வேறு பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால்? தெரியாது.

வெய்லர்ஸைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவர்களுடைய ‘லூயி லூயி’ கிங்ஸ்மெனுடையதைப் போல நாடு முழுவதும் ஓடவில்லை. ஆனால் பதிவு அவர்களுடைய சொந்தக் கம்பெனியில் இருந்தது. அதே ஊர் ‘சோனிக்ஸ்’ குழுவையும் அவர்களே வெளியிட்டார்கள். குழுவில் பேஸ் வாசித்த பக் ஆர்ம்ஸ்பி பல பத்தாண்டுகள் அந்தக் கம்பெனியைக் கவனித்துக்கொண்டார். சம்பளத்துக்கு ஆள் வைத்த பெரிய கம்பெனி இல்லை, பாட்டு வாசித்துக்கொண்டே கணக்கும் எழுதியவர்.

உங்கள் குழுவிலும் அப்படி ஒருவரை இப்போதே தேர்ந்தெடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கைக் குழுவுக்கென்று தொடங்கிய ஈமெயிலுக்கு மாற்றி, குறைந்தது இரண்டு பேரிடம் பாஸ்வேர்டு இருக்கட்டும். யார் எழுதியது, யார் பாடியது, யார் வாசித்தது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும், பிறகு என்னைப் போன்ற ஒருவரிடம் வரும்போது கையில் வைத்துப் பேச அது போதும். ஏற்கெனவே படிக்காமல் எதிலாவது கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தால் அதன் நகலையும், கையெழுத்திட்ட தேதிக்குப் பிந்தைய வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வாருங்கள். பணம் எப்போது வந்தது, எப்போது நின்றது என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும்.