யூலை மாதத்தில் கார்த்திகை மழை: வரைபின் அச்சுப் பெயர்கள் பற்றி

நான் தரவுகளை வரைபாக்கிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மழைவீழ்ச்சி, கிணற்று நீர், வெங்காய விலை என்று யாழ்ப்பாணத்தில் என் கைக்கு வருவது பெரும்பாலும் இவைதான். பைத்தன் என்ற கணினி மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபு நூலகம் கொண்டு வரைவேன். சில வருடங்களுக்கு முன் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் மாதாந்த மழைக் கோட்டைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி, "தம்பி, யூலையிலயோ இவ்வளவு மழை? அப்ப சோளகம் எல்லோ வீசும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி, யூலை தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலம். எண்களில் ஒரு பிழையும் இல்லை, நவம்பரின் உச்சி நவம்பரின் இடத்தில்தான் நின்றது, ஆனால் அதற்குக் கீழே யூலை என்று எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். பன்னிரண்டு மாதங்களும் கணினிக்கு 0 முதல் 11 வரையான எண்கள். அச்சில் எந்த எண்களுக்குக் குறி போடுவது என்பதை நூலகம் தானாகவே தீர்மானிக்கும், என் வரைபில் அது இரண்டு இரண்டாகப் போட்டிருந்தது, அதுவும் படத்துக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத -2இலிருந்து தொடங்கி. நான் குறிகளின் இடத்தைச் சொல்லாமல் மாதப் பெயர்களை மட்டும் 'செட் எக்ஸ்டிக்லேபிள்ஸ்' கட்டளையில் கொடுத்துவிட்டேன். அது பெயர்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனது: தெரியாத -2க்கு சனவரி, 0க்கு பெப்ரவரி, 2க்கு மார்ச், அப்படியே போய் 10க்கு, அதாவது உண்மையான நவம்பருக்கு, யூலை. இப்போதைய பதிப்புகள் இதற்கு ஓர் எச்சரிக்கை காட்டும், ஆனால் படம் வந்துவிட்டால் எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்கள்? இடத்தையும் பெயரையும் ஒன்றாகவே கொடுங்கள். 3.5ஆம் பதிப்பிலிருந்து 'செட் எக்ஸ்டிக்ஸ்' கட்டளைக்குள்ளேயே இரண்டையும் கொடுக்கலாம், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அது வரையாமல் நின்றுவிடும், அதுதான் நமக்கும் வேண்டும்.

மழையில் பிழை விட்டால் ஒரு ஐயா எழும்பிச் சொல்வார். கிணற்று நீரில் விட்டால் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் உரத்திலும் கழிவிலும் இருந்து வரும் நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது, ருசியும் இல்லை. நம்முடைய நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் இருக்கிறது, தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் மண்ணுக்குள்ளால் இலகுவாக இறங்கி அதில் சேர்ந்துவிடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று, அதுவும் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்துச் சொன்னது. ஆனால் சில ஆய்வுகூட அறிக்கைகள் அதே அளவை 'நைத்திரேற்று நைதரசன்' என்று, நைதரசனின் எடையை மட்டும் கணக்கெடுத்து எழுதும். நைத்திரேற்றின் நிறை 62, அதற்குள் நைதரசன் 14, ஆகவே இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 4.4 மடங்கு வித்தியாசம். 50 என்ற எல்லை அந்தக் கணக்கில் 11 ஆகிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தரவு அட்டவணையின் நிரலில் நைதரசனாக அளந்த 20 என்று ஒரு கிணறு இருக்கிறது. வரைபவர் நிலைக்குத்து அச்சுக்கு வெறுமனே 'நைத்திரேற்று' என்று பெயர் வைத்து, 50இல் சிவப்புக் கோடும் போடுகிறார். அந்தக் கிணறு கோட்டுக்கு நன்றாகக் கீழே, பத்திரமாக இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது நைத்திரேற்றாக 88க்கு மேல். அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கும் தாய்க்கு உங்கள் நிரலும் தெரியாது, ஆய்வுகூட அறிக்கையும் தெரியாது, அவருக்குக் கிடைப்பது அந்த அச்சில் இருக்கும் ஒரு சொல் மட்டும்தான். அதனால் நான் இப்போது 'நைத்திரேற்று, லீற்றருக்கு மில்லிகிராம், நைத்திரேற்றாக' என்று முழுக்கவே எழுதுகிறேன். நீளம்தான், இரண்டு வரியாக உடைத்துப் போடலாம்.

நம்மூருக்கே உரிய இன்னொரு சிக்கல், 'பரப்பு' என்ற சொல். வேறு ஊரில் அது வெறும் பரப்பளவு. இங்கே அது காணியின் அலகு, 16 பரப்பு ஓர் ஏக்கர். பயிர்ச்செய்கை வரைபில் 'பரப்பு' என்று மட்டும் போட்டு, உள்ளே ஹெக்டெயர் எண்கள் இருந்தால் யாழ்ப்பாணத்தான் அதைப் பிழையாகத்தான் வாசிப்பான், அது அவன் பிழையும் இல்லை. 'நிலப்பரப்பளவு, ஹெக்டெயர்' என்று எழுதுங்கள்.

சரி, தமிழில் எழுதினால் எழுத்துகள் பெட்டி பெட்டியாக வருகிறதே என்று கேட்பீர்கள். மேட்பிளாட்லிப் வழக்கமாக எடுக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை, ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதன்பிறகும் நான் பாவிக்கும் பதிப்பில் 'மழை' என்பதன் ஐகாரக் குறி ழகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்காகவே பலர் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பெயர் போடுகிறார்கள், எனக்கு அது கவலையாக இருக்கிறது. ஒரு வழி உண்டு: படத்தை எஸ்விஜி என்ற கோப்பு வடிவில் சேமித்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே வைக்கும்படி அமைப்பை மாற்றினால் உலாவி அவற்றை ஒழுங்காகக் காட்டும். ஆர் என்ற கணினி மொழியில் வரைபவர்களுக்கு, எழுத்துகளை ஒழுங்காகச் சேர்க்கும் வேலையை ராக் என்ற பொதி தானே செய்யும்.

ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வட்டுக்கோட்டை போன்ற நீளப் பெயர்களைக் கீழே நெருக்கி 45 பாகையில் சாய்க்காமல், பட்டைகளைக் கிடையாகப் போடுங்கள், பெயர்கள் நேராக நிற்கும்.

பழைய வரைபுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தரவில் ஒரு வரிசையை எடுத்து, அந்தப் புள்ளி படத்தில் எந்தப் பெயருக்கு மேல் நிற்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். நான் அப்படிப் பார்த்தபோது அந்த மழை வரைபு மேலும் மூன்று பேருக்குப் போயிருந்தது தெரிந்தது. மூவருக்கும் திருத்திய படத்தை அனுப்பி, எந்த மாதம் எங்கே மாறியிருந்தது என்று தொலைபேசியிலும் சொன்னேன்.