பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: நீலத்திரைக்குப் பின்னால் ஒரு டிரைவர்

1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ் நிற்க, அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98 ஓடும் கணினியில் ஒரு ஸ்கேனரைச் செருகினார். கணினி அதைத் தானே அடையாளம் கண்டு, அதோடு பேச உதவும் சிறு மென்பொருளான டிரைவரை ஏற்றிக்கொள்ளும் என்று காட்டுவதுதான் திட்டம். ஆனால் திரை நீலமாகி, எல்லாம் நின்றுபோனது.

ஒரு ஸ்கேனரால் மொத்தக் கணினியும் எப்படிச் சாய்கிறது? பிரவுசர் உறைந்துபோனால் அதை மட்டும் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கிறோமே?

டிரைவர் ஓடும் இடம்தான் காரணம். பிரவுசர் போன்ற செயலிகள் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனித்தனி இடம் உண்டு. ஒன்று மற்றொன்றின் இடத்தில் கைவைக்க முடியாது. டிரைவர்களில் பெரும்பாலானவையோ வன்பொருளோடு பேச வேண்டியிருப்பதால், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. அங்கே அறைக்கு அறை கதவு கிடையாது. அங்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால் விண்டோஸ் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. தொடர்ந்து ஓடினால் கெட்டுப்போன தரவு வட்டிலும் எழுதப்படலாம். அந்த வகையில் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் கருப்புத் திரை) நமக்கு ஒரு பாதுகாப்பு.

அந்தத் திரையில் அடிக்கடி வரும் ஒரு பிழையின் பெயர் 'டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஐஆர்கியூஎல் என்பது பிராசசர் அந்த நொடியில் செய்யும் வேலை எவ்வளவு அவசரமானது என்பதைக் காட்டும் படிநிலை. விண்டோஸ் நினைவகத்தைப் 'பக்கங்கள்' என்ற துண்டுகளாகப் பிரித்து, சிலவற்றை வட்டுக்கு அனுப்பிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். படிநிலை 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படி எடுத்து வரும்வரை காத்திருக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து, வட்டில் கிடக்கும் பக்கத்தை ஒரு டிரைவர் தொட்டால் கணினி நின்றுவிடும். அதே பக்கம் நினைவகத்திலேயே இருந்த நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு வாரம் நன்றாக ஓடிய கணினி திடீரென்று விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விழும்போது விண்டோஸ் வழக்கமாக ஒரு சிறு பதிவை மினிடம்ப் என்ற ஃபோல்டரில் விட்டுச்செல்லும். மைக்ரோசாஃப்டின் இலவச விண்டிபக் கருவியில் அதைத் திறந்து 'அனலைஸ்' கட்டளை கொடுத்தால் ஒரு கோப்பின் பெயரைக் காட்டும். அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு வைஃபை டிரைவர் 100 பைட் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு 108 பைட் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய 8 பைட், அடுத்தாற்போல் இருந்த வேறொரு டிரைவரின் தரவை அழித்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து அந்தத் தரவைப் படிக்க வரும் நிரபராதி விழுகிறது. பதிவில் அதன் பெயர்தான் ஏறுகிறது. அதனால் மூன்று நான்கு பதிவுகளையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் என்றால் இப்படி யாரோ எல்லை மீறி எழுதுகிறார்கள், அல்லது நினைவகச் சில்லான ராமே பழுது. ராமை முதலில் சோதித்துவிடுவது நல்லது.

எல்லை மீறுபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க விண்டோஸ் 2000 முதலே டிரைவர் வெரிஃபையர் என்ற சோதனைக் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. அது செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நினைவகத்தின் ஒரு பக்கம் 4096 பைட். டிரைவர் கேட்ட இடத்தை அந்தப் பக்கத்தின் கடைசி ஓரத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தை யாரும் தொடக் கூடாது என்று பூட்டிவிடுகிறது. டிரைவர் எல்லை தாண்டிப் பூட்டிய பக்கத்தில் கால்வைத்த அந்தக் கணமே நீலத்திரை. பத்து நிமிட இடைவெளி இல்லை, பதிவில் விழும் பெயரும் உண்மையான ஆளுடையது.

இதை இயக்குவதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். சோதனை நடக்கும்வரை கணினி மெதுவாகும். தொடங்கும்போதே திரும்பத் திரும்ப விழுந்தால் அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் நுழைந்து வெரிஃபையரை 'ரீசெட்' செய்யலாம்.

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அதே டிரைவர் திரும்ப வந்தால் கோளாறும் கூடவே வரும். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் 'ரோல் பேக்' போதும். பழைய பதிப்பு இல்லாமல் அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் டிரைவரை நீக்குங்கள். நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன் கையிருப்பிலிருந்து அதையே எடுத்து மறுபடி ஏற்றிவிடும்.